மண்மேட்டில் முதலாவதாக வந்தவர்

நர்ஸ் மரகதம் இறந்துபோன செய்தி, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. பள்ளிக்கூட ஆயா வாசலில் நின்று, "ஒங்க பக்கத்து வூட்டு நர்சம்மா ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்களாம் டீச்சர்" என்றார். மஞ்சள்காமாலை. அதே நோயோடு வந்த எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியவர், தாம் வேலை பார்த்த வார்டிலேயே, முப்பது வயதைத் தாண்டுமுன் கண் மூடினார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சேத்தியாத்தோப்பில் பிறந்தவர். நர்ஸ் படிப்பை முடித்து, நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வரிசைகள் எழும்பிக்கொண்டிருந்த நாளிலேயே வேலைக்கு வந்தார். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்த சாமிநாதனை மணந்து என் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தார். வாய்விட்டுச் சிரிப்பார். ஊசி போடும்போது குழந்தைகளிடம் வலிக்காது என்று பொய் சொல்லமாட்டார். "வலிக்கும். கொஞ்ச நேரத்துல போயிடும்" என்பார்.

சாமிநாதனுக்கும் அவருடைய ஷிப்ட் நண்பர்களுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர், தம் ஊரில் பனிமலைமேல் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்குவார்கள் என்று சொல்லி, பெட்டிப் பலகையில் இரண்டைச் சீவி எடுத்து, சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டில் சறுக்கியும் காட்டினார். அவர் ஊர் திரும்பிவிட்டார். இவர்கள் அதை விடவில்லை. ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் பலகையின் அடியில் மெழுகுவத்தி தேய்த்துக்கொண்டு மேட்டின் உச்சியிலிருந்து பந்தயம் வைப்பார்கள். கீழே பிடித்திருக்கும் கயிற்றை முதலில் தொடுபவரின் பெயரை ஒரு பித்தளைச் செம்பில் வெட்டுவார்கள். அடுத்த பொங்கல்வரை செம்பு அவர் வீட்டில் இருக்கும். எங்கள் தெருவே அங்கே போய் நின்று வேடிக்கை பார்க்கும்.

கல்யாணமான புதிதில் மரகதத்துக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவர் சாமிநாதனேதான். சாயங்கால வேளைகளில் இருவரும் பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போவார்கள். தலையெல்லாம் மண்ணோடு திரும்பி வருவார்கள். தம் மனைவி ஒருநாள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார் என்று நண்பர்களிடம் அவர் பெருமையடித்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

ஒரு வருடம் பந்தயக்காரர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த இடத்துக்கு சாமிநாதனே மனைவியைக் கூப்பிட்டார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். மரகதம் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, ஊக்குகளைக் குத்திக்கொண்டு மேலே ஏறினார். கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. ஆகவே அன்று நடந்ததைப் பற்றி எனக்கு யாரும் வேறு கதை சொல்ல முடியாது. புறப்பட்டதும் வெறும் புழுதிதான் தெரிந்தது. அதிலிருந்து முதலில் வெளியே வந்தவர் மரகதம். முழங்காலை மடக்கி, ஒரு தள்ளாட்டம்கூட இல்லாமல் நேரே வந்து கயிற்றில் மோதினார். அது என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. அவருக்குப் பின்னால், நன்றாகப் பின்னால், சாமிநாதன் வந்தார்.

பந்தயக்காரர்களில் பரங்கிப்பேட்டைக்காரரான காசிம் பாய் மட்டும் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சாமிநாதன் குனிந்து பலகைக் கட்டை அவிழ்த்தபடி, "பொம்பள சும்மா வெளையாட்டுக்கு வந்தது. கணக்குல சேராது" என்றார்.

"கணக்குல சேராதுன்னா ஏங்க என்னைக் கூப்ட்டீங்க?" என்று கேட்டார் மரகதம்.



செம்பில் சாமிநாதன் பெயரை வெட்டினார்கள். அடுத்த வாரம் மரகதத்தின் பலகைகள் வெந்நீர் அடுப்புக்குள் போயின. அதை என்னிடம் சொன்னபோது, "நல்ல பலகைங்க டீச்சர். தண்ணி சீக்கிரமே காஞ்சிடுச்சு" என்றார். சிரிக்கவில்லை.

அதன் பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் மண்மேட்டுக்கு வந்தார். டிங்சரும் பஞ்சுமாகக் கீழே நின்று, விழுந்தவர்களுக்குக் கட்டுப் போட்டார். எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். எதற்காக வருகிறீர்கள் என்று ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன்.

"வராம இருந்தா நான் தோத்துட்டேன்னு ஆயிடுமே" என்றார்.

சாவு வீட்டில் பெண்கள், சுமங்கலியாகப் போனார், கொடுத்துவைத்தவர் என்றார்கள். இந்த வயதில் சாவதற்கு என்ன கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சாமிநாதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். நண்பர்களும் அழுதார்கள், அந்த டீயைப் பற்றிப் பேசிப் பேசி அழுதார்கள்.

காரியத்தன்று காசிம் பாய் என்னிடம் வந்தார். வரும் பொங்கல் பந்தயத்தை மரகதத்தின் நினைவாக நடத்தப்போகிறார்களாம். தொடங்குமுன் வாசிக்க நான் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம்.

"அவங்க ஜெயிச்சதையும் எழுதட்டுமா பாய்?" என்றேன்.

அவர் சாமிநாதன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது எதுக்குங்க டீச்சர் இப்ப? அந்தம்மாவோட நல்ல மனசப் பத்தி எழுதுங்க."

அவர் கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டேன். மரகதம் ஜெயித்ததை அங்கே வாசிக்கமாட்டார்கள் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாமல் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். மரகதத்தை எடுத்த அன்று நானும் நின்றேன். கூறைப்புடவை போர்த்தியிருந்த அவரைத் தூக்கிப் போனவர்கள், மண்மேட்டில் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த அதே ஆட்கள். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்வாருங்கள், மரகதம்.