கவிசனுக்காக எழுந்த சத்தம்

பயிற்சி முகாமில் கவிசன் முதலில் வெறுத்தது வாந்தி வாளியை. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதைக் கழுவ வேண்டும் என்பது பழைய ஆட்டக்காரர்கள் ஏற்படுத்திவைத்திருந்த வழக்கம். ஒஸ்லோவில் ஏப்ரல் மாதம். ஓரமாக ஒதுக்கிய பனி கறுத்துக் கிடக்கும் செயற்கைப்புல் மைதானத்தில் மலைபோன்ற ஆண்கள் ஓடி ஓடி, அந்த வாளியில் காலைக் கஞ்சியைக் கக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓடினார்கள். கழுவும்போது சுற்றி நின்று சிரித்தார்கள். ஒழுக்கம் பழக்குகிறோம் என்றார்கள். தன் அழுக்கை அடுத்தவன் கையில் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் அதற்கு இந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

ஒஸ்லோவின் புறநகரான ரொம்மனில் பிறந்து வளர்ந்தவன் அவன். தகப்பன் தில்லைநாதன் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர். தாய் புஷ்பமலருக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பள்ளியில் ஹேண்ட்போல் விளையாடியபோது அவனுடைய எறிவைக் கண்ட ஒருவர் அவனை அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அதில் உதை பெயரளவுக்குத்தான். எறிவதும் இடிப்பதுமே ஆட்டம். அவனுக்குக் கிடைத்த இடம் குவாட்டர்பேக். தனக்கு முன்னே வரிசையாகக் குனிந்து நிற்கும் ஐந்து பாரிய மனிதர்களுக்குப் பின்னால் நின்று அவன் குரல் கொடுப்பான். அந்தக் குரலில் பந்து பின்னோக்கி அவன் கைக்கு வரும். அந்த ஐவரும் எதிரிகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் சில கணங்களுக்குள் எங்கே எறிவது என்று அவன் தீர்மானிக்க வேண்டும்.

பகலில் லாகர் என்கிற சரக்குக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டு மாலையில் விளையாடியவனை, புதிதாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய கழகமொன்று முகாமுக்கு அழைத்தது. முதல் குவாட்டர்பேக் அமெரிக்காவிலிருந்து வந்தவர். இரண்டாம் இடம் ஒன்றுதான். அதற்கு இருவர்: கவிசனும், துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்த ஐரிக்கும். தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டும். கவிசனுக்கு அது லாகருக்கு.

கை பலத்தில் இருவரும் சமம். கால் வைப்பில் ஐரிக் ஒரு படி மேலே. கவிசனின் குறை குரலில் இருந்தது. பயிற்சியாளர் துருல்ஸ் அதை முதல் நாளே பிடித்துவிட்டார். நீ கட்டளையிடவில்லை, வகுப்பிலிருந்து வெளியே போக அனுமதி கேட்கிறாய் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது உண்மை. தன்னைவிட மூத்தவர்களைப் பார்த்து உரத்துக் கத்தக்கூடாது என்று வீட்டில் பழக்கியிருந்தார்கள். முன்னே குனிந்து நின்ற ஐவரில் மூவர் பிள்ளைக்காரர்கள். அவர்களுடைய முதுகைப் பார்த்துக் கத்த அவன் வாய் கூசியது.

வாரங்கள் போகப் போக அந்தக் கூச்சம் தேய்ந்தது. அதை வளர்ச்சி என்று பெரிதாகச் சொல்லத் தேவையில்லை; வாளி கழுவியதில் வந்த கசப்பும் அதற்குள் இருந்திருக்கும். எப்படியோ, குரல் அடிவயிற்றிலிருந்து வரத் தொடங்கியது. 'ஹட்' என்று அவன் இரண்டாம் முறை கத்தியதும் ஐவரும் ஒரே உடலாக எழுந்தார்கள். துருல்ஸ் தலையை மட்டும் ஆட்டினார். அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

முகாமின் கடைசியில் ஒரு பயிற்சி ஆட்டம், பொதுமக்கள் பார்க்கலாம். அதை வைத்துத்தான் தீர்ப்பு. தில்லைநாதன் பெருமை தாங்காமல் அதைச் சற்குணத்திடம் சொல்லிவிட்டார். சற்குணம் அந்தப் பகுதித் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். மைக்கையும் கமராவையும் கண்டால் இடம் விடாதவர். அன்றே சனத்தை ஏற்றிப்போக ஒரு பஸ் பிடித்தார். மேளமும் ஊதலும் ஏற்பாடு செய்தார்.

இதைக் கேட்டதும் கவிசன் தகப்பனிடம் போனான்.

"அப்பா, பந்து எங்கடை கையில இருக்கேக்கை சத்தம் போடக்கூடாது. எதிர்ப்பக்கத்திட்டைப் பந்து இருக்கேக்கைதான் சத்தம். நான் சொல்லுறது முன்னுக்கு நிக்கிறவைக்குக் கேக்கவேணும். அந்த மாமாவிட்டைச் சொல்லுங்கோ."

தில்லைநாதன் சொன்னார். கைபேசியில் பதில் வீடு முழுக்கக் கேட்டது.

"என்ன தில்லை, சத்தம் போடாமல் இருக்கிறதுக்கு நாங்கள் செத்தவீட்டுக்கே போறம்? எங்கடை பெடியன் இறங்கேக்கை வாயை மூடிக்கொண்டு இருந்தா வெள்ளையள் என்ன நினைப்பாங்கள்?"

"இல்லையண்ணை, அது வேறை மாதிரி விளையாட்டாம்…"

"எல்லா விளையாட்டும் ஒண்டுதான். நீ பேசாமல் வா."

தில்லைநாதன் கைபேசியை வைத்துவிட்டு மகனைப் பார்க்காமல் குளியலறைக்குள் போனார்.

ஆட்டத்தன்று ஒரு பக்க இருக்கைகள் முழுவதும் தமிழர்கள். பிள்ளைகளின் முகத்தில் நிறம் பூசியிருந்தது. ரோல்ஸ் பெட்டிகள் மடியில் இருந்து மடிக்குப் போயின. கவிசனும் ஐரிக்கும் ஒரே அணிக்கு மாறி மாறி இறங்குவதாக ஏற்பாடு. முதலில் ஐரிக் இறங்கினான். தங்கள் பெடியன் இல்லாதபோது பார்க்க என்ன இருக்கிறது? ஆட்கள் ரோல்ஸ் சாப்பிட்டார்கள், கைபேசி பார்த்தார்கள். மைதானம் தேவாலயம்போல அமைதியாக இருந்தது. ஒரு குவாட்டர்பேக் கனவு காணும் அமைதி அது. அதை முழுசாக ஐரிக்குக்குக் கொடுத்தார்கள். அவன் நிதானமாகக் குரல் கொடுத்து, நிதானமாக எறிந்து, அணியைக் கடைசிக் கோடுவரை கொண்டுபோனான்.

பிறகு கவிசன் இறங்கினான். மேளம் வெடித்தது.

அவன் கத்தினான். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. ஐவரில் ஒருவன் பந்து அசைய முந்தியே எழுந்தான். தண்டனையாக ஐந்து யார் தூரம் பின்னுக்கு. மறுபடி கத்தினான். இம்முறை வேறொருவன் எழுந்தான், இன்னொரு ஐந்து. கவிசன் இருக்கைகளின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான், அமைதி, அமைதி என்று. அவன் தங்களை வணங்குகிறான் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். சற்குணம் முதல் வரிசையில் முதுகை மைதானத்துக்குக் காட்டியபடி நின்று, கூட்டத்தோடு தன்னையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். தில்லைநாதன் மட்டும் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து என்னவோ சொல்வது தெரிந்தது. பிறகு அவரும் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கணத்தில் கவிசனுக்குத் தன் ஆட்கள்மேல் வந்தது கோபமல்ல. உணவில் மயிர் கிடக்கக் கண்டதுபோன்ற ஒன்று. இவர்களுடைய அன்பில் தான் எங்கும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. இவர்கள் சத்தம் போட வந்தார்கள்; அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

குரலை விட்டுவிட்டு, காலைத் தூக்கிச் சைகை காட்டிப் பார்த்தான். முகாமில் ஒரே ஒருமுறை பழகியது. ஒரு பந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அடுத்ததை எதிரி பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் அவனுடைய ஆட்டம்.

லாகருக்குத் திரும்பும் நேரத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டே மறுநாள் தீர்ப்புக் கேட்கப் போனான். கழகத்தின் மேலாளர் சிரித்த முகத்தோடு கைகொடுத்தார். இரண்டாம் இடம் அவனுக்கு. இப்படியொரு சனத்தை இந்த விளையாட்டுக்கு நாங்கள் கண்டதில்லை, விளம்பரதாரர்களுக்குப் படம் அனுப்பிவிட்டோம் என்றார். துருல்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் கவிசன் அவரை மறித்தான். யார் நன்றாக விளையாடினது என்று நோர்வே மொழியில் கேட்டான்.

"ஐரிக்," என்றார் துருல்ஸ். "உனக்கே தெரியும்."

"அப்போ ஏன் பேசாமல் இருந்தீர்கள்?"

"எனக்கும் இங்கேதான் சம்பளம்."

ஐரிக் உடைமாற்றும் அறையில் சப்பாத்துகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து தோளைத் தட்டினான். உன் இடத்தில் நானென்றாலும் கையெழுத்துப் போடுவேன் என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அருவருப்பு ஒரு மனிதனைத் தடுத்து நிறுத்தும் என்று கவிசன் அதுவரை நம்பியிருந்தான். அது நிறுத்துவதில்லை. அருவருப்போடே மேலாளரின் அறைக்குத் திரும்பிப் போகலாம், அருவருப்போடே பேனாவை வாங்கலாம், எழுத்துகூட நடுங்காது. கையெழுத்தைப் போட்டுவிட்டு டி-பானெ சுரங்க ரயில் நிலையத்துக்கு நடந்தான். மேடையில் நின்றபோது கைபேசி அடித்தது. சற்குணம். செய்தி அவருக்கு எப்படியோ போய்விட்டிருந்தது.

"பாத்தியோ தம்பி, கொப்பர் சத்தம் போடவேண்டாம் எண்டு நிண்டவர். நாங்கள் போட்ட சத்தத்திலதான் உன்னை எடுத்தவங்கள். இல்லையெண்டு சொல்லு பாப்பம்?"

அந்த மனிதர் சொன்னது உண்மைதான். வீட்டுப் பக்கமாக வெஸ்ட்லிக்குப் போகும் ரயில் வந்து கதவைத் திறந்தது.

"ஓம் மாமா," என்றான். "உங்களாலைதான்."