மண் தின்ற பனியன்

ஒரு பிடி மண்ணை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, இழுத்து முகர்ந்த பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும். "இன்னிக்கு நல்லா இருக்கு!" என்று மண்ணுக்கே சான்றிதழ் கொடுப்பாள். சந்தையில் 'தக்காளி விக்கிற அம்மா' என்று கேட்டால் முழிப்பார்கள். 'மோப்பக்காரி' என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

தவளை கத்தினால் போட்டது போட்டபடி அதைப் பார்க்க ஓடுவாள். பூவில் தேனீ உட்கார்ந்தால் விருந்தாளி வந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "மருந்து அடிச்ச காலத்துல இதுங்க இந்தப் பக்கம் தலை வெச்சாவது படுத்துச்சா?" என்று கணவனைச் சீண்டுவாள்.

அவர் லேசில் மசிகிற ஆளில்லை. தோட்டத்தை இரண்டாக்கி, நடுவில் வரப்பு எழுப்பி, தன் பாதியை உரமூட்டையும் பூச்சிமருந்துமாகவே நடத்திவந்தார். அவள் பாதியில் சாணமும் இலைதழையும். அங்கே காய்ப்பு கொஞ்சம் குறைந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த அறுவடையோட உன் விளையாட்டு முடிஞ்சுது" என்றார்.

அவள் விடுவாளா? அவருடைய பழைய பருத்திப் பனியன்கள் இரண்டை எடுத்து, பாதிக்கு ஒன்றாகப் புதைத்துக் குச்சி நட்டாள். "உயிருள்ள மண்ணு இதத் தின்னுடும். என் பக்கம் தின்னலைன்னா நானே மருந்து அடிக்கிறேன், போதுமா?"

அறுவடை முடிந்ததும் தோண்டினார்கள். அவர் பக்கத்துப் பனியன் முழுசாக வந்தது, துவைத்தால் போட்டுக்கொள்ளலாம். "பாத்தியா, என் மண்ணு எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கு!" என்று சிரித்தார்.

அவள் பக்கம் குச்சிக்குக் கீழே பனியனையே காணோம்.

"புதைச்சியா, இல்ல மறந்துட்டியா? நாய் கீய் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார்.

மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையாலேயே கிளறினாள். விரலெல்லாம் மண்புழு. கடைசியில் நீளமாக ஒரு நைலான் தையல் நூல் வந்தது, அதன் நுனியில் பனியனின் அளவு அச்சடித்த நைலான் பட்டை. பருத்தியில் ஓர் இழைகூட மிச்சமில்லை.

"தின்னுடுச்சுங்க! மொத்தத்தையும் தின்னுடுச்சுங்க!" வரப்பில் ஏறிக் குதித்தாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவர் அந்த நூலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் பக்கத்துப் புழுக்களையும் பார்த்தார்.

"கொஞ்சம் கீழ இறங்கு" என்றார்.

அவள் இறங்கினாள். அவர் மண்வெட்டியை எடுத்து, வரப்பை வெட்டத் தொடங்கினார்.