நீலச் சட்டையின் வலது கை

ராணுவ மருத்துவமனையில் அவளுக்குச் சம்பளமும் கிடையாது, பதவியும் கிடையாது. சலவை அறையை ஒட்டி ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் மின்விசிறி. அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். காலையில் தன் தையல் கடை, மதியம் இங்கே. காயம்பட்ட வீரர்களின் துணிகளை அவரவர் உடம்புக்குத் தகுந்தாற்போல் மாற்றித் தைத்துக் கொடுப்பாள். எல்லோருக்கும் அவள் அக்கா.

"ஊருக்கெல்லாம் ஓசியில தைக்கிறீங்க அண்ணி, என் தலகாணி உறை மட்டும் ஒரு மாசமா கெடக்கு" என்று நாத்தனார் நொடிப்பாள்.

"உனக்குத்தான் ரெண்டு கையும் இருக்கே, நீயே தைச்சுக்க" என்பாள். ஆனாலும் அந்தத் துணியைத் தினமும் கூடவே எடுத்து வருவாள்.

கை இழந்தவர்களின் சட்டை வந்தால் அவள் யோசிப்பதே இல்லை. தொங்கும் சட்டைக்கையை வெட்டி, மடித்துத் தைத்துவிடுவாள். வெறும் சட்டைக்கை காற்றில் படபடத்தால் பார்க்கிறவர்கள் கண் அங்கேயே போகுமே என்ற கவலை அவளுக்கு. வெட்டிய துண்டுகளைக் கரித்துணியாக்க மட்டும் மனசு வராது. ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தாள். பைத்தியக்காரத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று ராணுவ லாரி ஓட்டுநர் ஒருவன், தைத்து வந்த தன் நீலச் சட்டையைப் பார்த்ததும் வெடித்தான்.

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க? ஒரு தடவ வெட்டுனது போதாதா?"

அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். "காத்துல பறக்குமேன்னுதான் தம்பி..."

அவன் குரல் இறங்கியது. "என் பொண்ணு இப்ப வர்றாக்கா. கை போனப்புறம் இன்னிக்குத்தான் மொத தடவ பாக்கப் போறா. எங்க போனாலும் இந்தச் சட்டைக்கையப் புடிச்சுக்கிட்டுதான் நடப்பா. இப்ப எதப் புடிப்பா? என்னப் பாத்து பயந்துட்டான்னா?"

"தப்பு என்னோடதுதான். இரு தம்பி."

பையைத் தரையில் கொட்டினாள். காக்கி, வெள்ளை, கட்டம் போட்டது என்று சட்டைக்கைகள் குவிந்தன. நீலத்தைத் தேடி எடுத்து ஒட்டுத் தைத்தாள். பதற்றத்தில் ஊசி விரலைக் குத்தியது.

"ஒட்டு தெரியுதே" என்றாள் சங்கடத்தோடு.

"தெரியட்டும்க்கா."

அவன் சட்டையைப் போட்டு முடிக்கவும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுமி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உள்ளே வரவில்லை. மின்விசிறிக் காற்றில் வெறும் சட்டைக்கை ஆடுவதையே பார்த்தாள். பிறகு மெல்ல வந்து, அதன் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் புடிச்சுக்கிறேன்ப்பா. இனிமே பறக்காது."

கண்ணைத் துடைக்க அக்காவின் கைக்கு அகப்பட்டது, நாத்தனாரின் தலையணை உறைத் துணிதான்.