நைனா வேண்டாமென்ற ஒரு வருடம்

நைனா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. “படகக் காப்பாத்திக்கினு அப்பன வுட்டுட்டானுங்க” என்று சொந்தத்தில் சிலர் பேசுவது எங்கள் காதுக்கும் வந்தது. இந்த நினைவு மலருக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால் அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நைனா கோட்டைக்குப்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பார்க்குமுன் ஏரியைப் பார்த்தவர். அம்மா போன பிறகு எங்கள் மூவரையும் தனியாளாக வளர்த்தார். என்னைப் பொன்னேரிக்குப் படிக்க அனுப்பினார். படகில் ஏறினால் நான் வாந்தி எடுப்பேன் என்பது அதற்கு முக்கியக் காரணம். எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஊர் வைத்திருக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். நைனா தன் பாட்டைத் தவறவிட்டதில்லை. அடுத்தவர் பாட்டில் கை வைத்ததுமில்லை.

ஈரலில் கட்டி என்று சென்னையில் சொன்னார்கள். படித்தவன் என்று டாக்டரம்மா என்னிடமே விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். புரிந்தது இவ்வளவுதான்: வைத்தியம் பார்த்தால் ஒரு வருடம் இருக்கலாம், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில். பார்க்காவிட்டால் சில மாதங்கள். காப்பீட்டு அட்டை போக மீதிச் செலவுக்குப் படகையும் வலையையும் விற்க வேண்டும். அதில் பிழைக்கும் தம்பி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை தேட வேண்டும்.

“வித்துடலாம்” என்றாள் அக்கா. தம்பியும் தலையசைத்தான். விற்க என்னிடம் எதுவும் இல்லாததால் நானும் தாராளமாகச் சம்மதித்தேன்.

நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “டாக்டரம்மா, அந்த ஒரு வருசத்துல நான் ஏரிக்குப் போவேனா?”

“முடியாதுங்க பெரியவரே.”

“சோறு துன்னுவேனா?”

“கஷ்டம்தாங்க.”

“அப்போ அது இன்னா வருசம்?”

நைனா எங்கள் பக்கம் திரும்பி, “பாடு முடிஞ்சா வலையத் தூக்கிக்கினு கெளம்பணும்” என்றார்.

“அடுத்தவன் இன்னும் வரலியே நைனா. அதுக்குள்ள ஏன் தூக்கற நீ?” என்றாள் அக்கா.

ஊர்க் கூட்டத்தில் யாரிடமும் பேசித் தோற்காதவர் அக்காவை விட்டு என் பக்கம் திரும்பினார். “படிச்சவனே, நீ சொல்லுடா” என்றார்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

“நைனா இஷ்டம்” என்றேன்.

“எப்பிட்றா வாய் வந்துது ஒனக்கு?” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

அப்போது படகின் நினைப்பே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இருந்தது. நைனாவுக்கும் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது என்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பதில்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் வயிற்றில் கோத்திருந்த நீரை எடுத்தார்கள், வலிக்கு மருந்து கொடுத்தார்கள். சில வாரம் நன்றாகவே சாப்பிட்டார். குழம்பில் உப்பு இல்லை என்று சண்டையும் போட்டார். அடுத்த பாட்டுக்குத் தம்பியோடு படகில் ஏறினார். கூடாது என்று கத்திக்கொண்டே அக்காவும் ஏறினாள். நான் கரையிலிருந்து படம் எடுத்தேன்.

மழைக்கு முன் நைனா வீட்டிலேயே கண்மூடினார்.

உண்மையை மறைக்காத டாக்டரம்மாவுக்கும், ஊசி போட வீடு தேடி வந்த நர்ஸம்மாவுக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அந்த முடிவை எதிர்த்தவள் அக்கா. அதன் பாரத்தைக் கடைசிவரை சுமந்தவளும் அவளே.

மலரின் அட்டையில் இருப்பது அன்று கரையிலிருந்து எடுத்த படம். “ஓரத்துல ஒரு வளையல் கை தெரியுது சார், எடுத்துடலாமா?” என்று அச்சகத்தில் கேட்டார்கள். நைனாவின் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும் அக்காவின் கை அது. எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.