மாஃபி

துபாயில் என் மகன் வீடு பதினேழாவது மாடியில் இருக்கிறது. காலையில் ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு, "ஆண்டவரே, இந்த வயதில் இத்தனை சுகம் தந்தீரே" என்று ஜெபிப்பேன். ஒரு நாள் ஜெபம் முடித்துப் பால்கனிக்குப் போனால், பக்கத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஜன்னல் கண்ணாடி துடைக்கிறார். வெயிலில் உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் கயிற்றைத் தடவி, "முருகா" என்றார். அதைக் கேட்டுத்தான் நம் ஆள் என்று தெரிந்தது. கூச்சத்தை விட்டு ஒரு டம்ளர் மோர் நீட்டினேன்.

"பயமா இல்லியா தம்பி?"

"கீழ பாத்தா பயமில்லம்மா. மேல பாத்தாத்தான் பயம். கயிறு நூல் பிரிஞ்சு கெடக்கு. புதுசு கேட்டேன், மாஃபின்னுட்டாங்க."

மாப்புக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்புக் கேட்டாங்கல்ல, நல்ல மனுசங்கதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்து, "நீங்க நல்லாருக்கணும்மா" என்று டம்ளரைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் இதைச் சொன்னபோது மகன் விளக்கினான். "மாஃபின்னா அரபில இல்லைன்னு அர்த்தம்மா."

"அய்யோ, அந்தக் கயித்தைப் பத்தி அவங்க ஆபீஸ்ல சொல்லுப்பா."

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் அடுத்த ஜன்னலுக்கு வேறொருவர் இறங்கினார். தமிழ் தெரியாதவர். நேற்று வந்தவர் எங்கே என்று சைகையில் கேட்டேன். கையை விரித்து, "மாஃபி" என்றார்.

மோர் குடித்தவர் ஊருக்குப் போயிருப்பார் என்கிறான் மகன். இருக்கலாம். ஆனால் மறுநாள் வந்தவர் தொங்கிய கயிறு புத்தம் புதுசு. அது எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.