கை எட்டாத இடம்

அண்ணன் இறந்த பிறகு அவனுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை முள்ளிப்பட்டு வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினோம். இரண்டு வருடம் நான் அதன் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தபோது பெயிண்ட் மங்கி, வண்டி முழுக்க மெல்லிய கீறல்கள்.

"தெருப் பசங்க வேலடா. நான் தெனமும் தொடச்சிகினுதான் இருக்கேன்" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பையன் இவ்வளவு பொறுமையாக வட்டம் வட்டமாகக் கீறுவான்? ஆரணிக்குப் போய் பாலிஷ் வாங்கிவந்து தேய்க்க ஆரம்பித்தேன். காரின் கூரை நடுவில் மட்டும் ஒரு கீறலும் இல்லை. கூன் விழுந்த அப்பாவின் கை அங்கே எட்டாது.

அவர் துடைக்கும் துணி ஆணியில் தொங்கியது. தறியில் பழுதாகிப்போன பட்டுப்புடவையின் முந்தானைத் துண்டு, முழுக்க ஜரிகை. பட்டைவிட மெத்தென்ற துணி உலகத்தில் இல்லை என்று நம்புகிற நெசவுக்காரர் அவர். அந்த ஜரிகைக் கம்பிதான் தினமும் பெயிண்டை அறுத்திருக்கிறது. அண்ணன் ஏறி இறங்கிய கதவில்தான் கீறல்கள் அதிகம்.

அந்த வாரம் முழுக்கத் தேய்த்தேன். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. ஒருவழியாகச் சிவப்பு திரும்பி வந்தது.

அப்பா வந்து பார்த்தார். "அவனுக்கு இப்டி பளபளன்னு இருந்தாதான் புடிக்கும்" என்றார். ஆணியிலிருந்து துணியை எடுத்து, அதே கதவைத் துடைக்கத் தொடங்கினார்.

துணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவன், மீதி பாலிஷை இறுக மூடி, அடுத்த முறைக்கென்று பத்திரமாக எடுத்து வைத்தேன்.