மிச்ச மாத்திரை

பௌர்ணமி வந்தால் காசியம்மாள் தண்ணீர் குடிக்கமாட்டாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இளநீர்க் கடை. அந்தக் கூட்டத்தில் கடையை விட்டு ஒதுங்கப் போக முடியாது. வருகிறவர்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுப்பவள், இரண்டு நாள் வாயை மட்டும் நனைத்துக்கொள்வாள். இருபது வருஷமாக அப்படித்தான்.

அதனால் நீர்க்கடுப்பு வரும். ஐந்து நாள் மாத்திரை வாங்குவாள். இரண்டாம் நாள் எரிச்சல் நின்றதும் மீதியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவாள். அடுத்த முறைக்கு ஆகும், பக்கத்துக் கடை தங்கம்மாளுக்கும் ஆகும்.

மகள் நந்தினிக்கு டவுனில் ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிற வேலை. முதல் இரண்டு நாளில் சாவதெல்லாம் நோஞ்சான் கிருமி, தாக்குப்பிடித்தவைதான் பெருகும், மருந்தை முறிக்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

"நீ மாத்திரைய மிச்சம் பிடிக்கல. கிருமிய மிச்சம் பிடிக்கிற."

"அதுங்களாவது ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கிட்டு ஒத்துமையா இருக்குதே" என்றாள் காசியம்மாள்.

சித்திரைப் பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள் குளிர் ஜுரம். டப்பா மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ரத்த அழுத்தம் சரிந்திருந்தது.

அம்மாவின் சிறுநீரை நந்தினியே கிருமி வளர்க்கும் தட்டில் தடவி, மேலே எட்டு மருந்து வில்லைகளை வைத்தாள். வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவான வட்டம் விழும். மறுநாள் காலை தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழு வில்லைகளின் விளிம்பு வரைக்கும் கிருமி மொய்த்திருந்தது. எட்டாவதைச் சுற்றி மட்டும் வட்டம். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் ஊசி மருந்து. வேறு வழியில்லை, டாக்டருக்குப் போன் செய்தாள்.

"எத்தினி வட்டம் வந்துச்சு?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கேட்டாள் அம்மா.

"ஒண்ணு."

"ஒண்ணு போதும்டி."

நந்தினி மணிக்கொரு தரம் குனிந்து, கட்டிலோரம் குழாயில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். ஊசி போட்ட முதல் நாள் மணிக்கு நாற்பது மில்லி. மறுநாள் இருபது. மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது, அம்மா கஞ்சி கேட்டாள். பையில் ஐந்து. அம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பையைத் துணியால் மூடினாள் நந்தினி. நான்காம் நாள் குழாய் காய்ந்துகிடந்தது. டயாலிசிஸ் தாங்கும் அளவுக்கு ரத்த அழுத்தம் இல்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் எடுத்த சிறுநீரில் ஒரு கிருமியும் முளைக்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை நான்காம் நாள் நந்தினிதான் எழுதினாள். அன்று மாலை காசியம்மாள் போய்விட்டாள்.